காத்து இறங்காத டயர்

உக்காருங்க அண்ணாச்சி. அந்தப் பெஞ்சு ஆடும், இங்கிட்டு வந்து உக்காருங்க. டைம் ஆபீஸ் பரமகுரு ஆளு எப்படி, நல்ல மாதிரியான்னு இப்ப டீக்கடைக்காரர்கிட்டக் கேட்டீகள்ல? நான்தான் அந்தப் பரமகுரு. எந்திரிக்காதீக, எதுக்கு எந்திரிக்கீக. மாப்பிள்ளையைப் பத்தி மாப்பிள்ளைகிட்டயே விசாரிக்கக் கூடாதுன்னு சட்டமா இருக்கு? டீக்கடைக்காரர் பாதியை முழுங்கிருவார். வாட்ச்மேன் சங்கிலி ஒண்ணுக்கு ஒம்பதாச் சொல்லுவான். நான் உள்ளதைச் சொல்றேன்.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கீகளா? மில்லு வாசல்ல, சலவை வேட்டி கட்டிக்கிட்டு, டீயை வாங்கிக் குடிக்காம ஆறவிட்டு நிக்கிற பெரிய மனுசர் வேற யாரா இருப்பாக, பொண்ணு வீட்டுக்காரர்தான். உங்களுக்கு முன்னாடியும் வந்திருக்காக. இதே கடையிலதான் கேட்டாக. கேட்டுட்டு அப்படியே பஸ் ஏறிட்டாக. எங்க அக்கா வீரலட்சுமி, அப்பா அம்மாவுக்கு அப்புறம் எனக்கு எல்லாம் அவதான், ஒவ்வொரு தடவையும் அழுது கண்ணு வீங்கிப் போறா. எனக்கும் முப்பத்தேழு ஆயிருச்சு. கல்யாணம் வேணாம்னு நான் ஒரு நாளும் சொன்னது இல்ல. வேணும். அதை வெக்கப்படாமச் சொல்றேன். அதனாலதான் இந்தத் தடவை நானே இறங்கிட்டேன்.

குடிகாரன்னு சொன்னாரா? சொல்லிருப்பார். உங்க முகமே சொல்லுதே. நான் ஒரு சொட்டுத் தொட்டது இல்ல அண்ணாச்சி. சோடா குடிச்சாக்கூட எனக்கு ஏப்பம் வராது, அப்படிப்பட்ட உடம்பு. எல்லாத்துக்கும் காரணம் டயரு. சைக்கிள் டயரு. சிரிக்காதீக, டீ புரையேறும்.

டைம் ஆபீஸ்ல எனக்கு என்ன வேலைன்னா, ஷிப்டுக்கு யாரு நேரத்துக்கு வந்தாக, யாரு பிந்தி வந்தாகன்னு பாக்கிறது. சங்கு ஊதி கேட்டைப் பூட்டுனதுக்கு அப்புறம் வந்தா அரைநாள் போச்சு. வாரவுகள்ல முக்காவாசி சைக்கிள். கண்மாய்க்கரை வழியாத்தான் வரணும், கரை நெடுக சீமைக்கருவேலம். பிந்தி வந்தவன் எவனா இருந்தாலும் ஒரே சொல்லுதான். சார், பஞ்சர். நான் சொல்லுவேன், "பஞ்சர்ங்கிறது காரணம் இல்லப்பா, அது கவனக்குறைவு." இது நானா யோசிச்ச வாசகம். பெரியவுக சின்னவுகன்னு பாக்காம எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன். ஒரு புள்ளத்தாச்சிகிட்டக்கூடச் சொன்னேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான?

அப்படியாப்பட்ட எனக்கு ஒரு நாள் பஞ்சராயிருச்சு. நட்டநடுக் கரையில. தள்ளிக்கிட்டே ஓடி வாரேன், வேர்த்து ஊத்துது, இங்க சங்கு ஊதிருச்சு. கேட்டுக்கு உள்ள ஷிப்டு ஆளுக பூராவும் நிக்காக, ஒருத்தரும் வேலைக்குப் போகல. சங்கிலி கேட்டைத் திறக்கிறான், திறக்கிறான், திறந்துக்கிட்டே இருக்கான். திறந்துட்டு மெதுவாச் சொல்றான், "கவனக்குறைவு சார்." அந்தச் சிரிப்பு இருக்கே அண்ணாச்சி, மிஷின் சத்தத்தை மீறிக் கேட்டுச்சு. எனக்கு நானே அரைநாள் போட்டுக்கிட்டேன். அதைப் பத்திக்கூட யாரும் பெருமையாப் பேசல.

நேரா அமலதாஸ் கடைக்குப் போனேன். அமலதாஸ்னா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சைக்கிள் கடை வச்சிருக்கார். நான் சொன்னேன், இனிமே என் சக்கரத்துல முள்ளு ஏறக்கூடாது. மூட்டை ஏத்துற சைக்கிளுக்குப் போடுற தடி டயரைப் போட்டார். முள்ளு அதுலயும் ஏறுச்சு. பழைய டயரை ஓரம் வெட்டி உள்ள கொடுத்து, டயருக்குள்ள டயரா மாட்டுனார். அதுலயும் ஏறுச்சு. இவரே ராத்திரில போய்க் கரையில முள்ளு போட்டுட்டு வாராரோன்னு எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. கேட்டுட்டேன். அவருக்குக் கோவம். "பரமகுரு சார், முள்ளு ஏறக்கூடாதுன்னா டயரு கல்லு மாதிரி இருக்கணும். உடம்பு குலுங்கக்கூடாதுன்னா டயரு மெத்துன்னு இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணைப் பாத்துப் போட்டுக்கிட்டு, மாசம் ஒரு பஞ்சரைப் பொறுத்துக்கிட்டுத்தான் ஊரு உலகம் ஓட்டுது. உங்களுக்கு எது வேணும்?" நடுவுலங்கிற பேச்சே எனக்கு ஆகாது. வந்தான்னா வந்தான், வரலைன்னா வரல, நடுவுல என்ன இருக்கு? "கல்லாவே இருக்கட்டும்"னேன்.

அப்பத்தான் மதுரையில இருந்து அந்தச் சரக்கை வரவழைச்சுக் குடுத்தார். ட்யூபு கிடையாது, காத்து கிடையாது, பூராவும் கெட்டி ரப்பர். காத்தடிக்க வேண்டாம், காத்து இறங்கவும் இறங்காது. ஆணி மேல விட்டா ஆணி மடங்குது. நான் பம்பைத் தூக்கி அக்கா வீட்டுப் பரண்ல போட்டுட்டேன்.

குலுங்குச்சு. குலுங்கலைன்னு சொல்ல மாட்டேன், உள்ளதைத்தான் சொல்றேன். கண்ணாடி மூக்குல நிக்காது, கயிறு போட்டுக் கட்டுனேன். மணி அடிக்க வேண்டியது இல்ல, அதுபாட்டுக்கு அடிச்சுக்கிட்டே வரும், அதுவும் ஒரு வசதிதான். தூக்குவாளியில மோரு கொண்டு போனா மில்லுக்கு வந்து திறக்கையில மேல வெண்ணெய் திரண்டு கிடக்கும். அதை அக்காவுக்கே கொண்டு போய்க் குடுத்தேன். அவ வாங்கி வச்சுக்கிட்டு என்னையே பாத்தா. ஆனா ஒண்ணு, சைக்கிளை விட்டு இறங்குனதும் கை ரெண்டும் கொஞ்ச நேரம் நடுங்கும். எந்திரத்தை நிறுத்துனப்புறமும் பெல்ட்டு ஓடும்ல, அந்த மாதிரி. அது ஒரு பெரிய விசயமா? நேரத்துக்கு வந்தேன். அதுதான விசயம்.

இந்த நேரம் பாத்து அக்கா எனக்கு ஒரு பொண்ணு பாத்தா. கண்மாய்க்கு அங்கிட்டு ஊரு. பேரு சண்முகவடிவு. பால்வாடி டீச்சர். அவுக அப்பா பால்ச்சாமி மாமா, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயரானவர். பொண்ணு பாக்கப் போறதுக்கு அத்தான் ஒரு வேன் பிடிச்சார். நான் சொன்னேன், வேனை நம்ப முடியாது, பஞ்சராகும், நான் சைக்கிள்ல வாரேன். மாப்பிள்ளை சைக்கிள்லயா வருவான்னு அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. சொன்ன மாதிரியே வேன் பாதி வழியில பஞ்சர். நான் அதைத் தாண்டித்தான் போனேன். கையைக் காட்டிட்டுப் போனேன். அன்னைக்கு மாதிரி நான் சந்தோசமா இருந்தது இல்ல அண்ணாச்சி.

என்ன ஆச்சுன்னா, பொண்ணு வீட்டுக்கு நான் மட்டும் முதல்ல போய்ச் சேந்துட்டேன். தட்டு இல்ல, பூ இல்ல, பெரியவுக இல்ல. மாப்பிள்ளை மட்டும் வேர்க்க விறுவிறுக்க, கண்ணாடியைக் கயித்துல கட்டிக்கிட்டு நிக்கேன். அவுகளும் நல்லவுக, உக்காரச் சொல்லி காபி குடுத்தாக. டம்ளரைக் கையில வாங்குனேன். நல்ல சூடு. கை ஆடுது. காபி டவராவுல பாதி, பால்ச்சாமி மாமா வேட்டியில பாதி.

மாமா வேட்டியைத் தொடைச்சுக்கிட்டே வாசல்ல நின்ன என் சைக்கிளையே பாத்தார். பாத்துக்கிட்டு மெதுவாக் கேட்டார், "தம்பிக்குப் பழக்கம் எதுவும் உண்டா?"

சைக்கிளைப் பாத்துக்கிட்டுக் கேட்டா நான் என்னன்னு எடுத்துக்கிறது? நீங்களே சொல்லுங்க. "ஆரம்பத்துல உடம்பு தாங்கல மாமா, இப்பப் பழகிருச்சு"ன்னேன்.

"தினமுமா?"

"காலையில வேலைக்குப் போகையில ஒரு தடவை, சாயந்தரம் திரும்பையில ஒரு தடவை. அது இல்லாம ஒரு நாளும் வேலைக்குப் போனது இல்ல."

"கை இப்படி நடுங்குதேப்பா."

"இப்பத்தான வந்தேன், அதான். கொஞ்ச நேரம் செண்டா நின்னுரும்."

"இங்க எங்க கிடைக்குது?"

பெரிய மனுசர், அவருக்கும் வாங்கணும்னு ஆசை போலன்னு நினைச்சு நான் விவரமாச் சொன்னேன். "லோக்கல் சரக்கு எனக்கு ஒத்து வரல மாமா, நடுவழியில கவுத்துரும். அமலதாஸ்னு நமக்கு வேண்டியவர், அவர்தான் மதுரையில இருந்து கெட்டிச் சரக்கா வரவழைச்சுக் குடுத்தார். வேணும்னா உங்களுக்கும் சொல்றேன்."

மாமா முகம் சுண்டிப் போச்சு. "கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுருவீகளா?"

"எதுக்கு விடணும்? டீச்சரையும் பழக்கிருவேன் மாமா. முதல்ல கொஞ்சம் குலுக்கும். அப்புறம் அவுகளே கேப்பாக."

உள்ள அடுப்படியில யாரோ சிரிச்சாக. அடக்கப் பாத்து அடக்க முடியாம வாரதுல்ல, அந்தச் சிரிப்பு. அதுக்குள்ள வெளிய எங்க அக்காவும் அத்தானும் தட்டைத் தூக்கிக்கிட்டு, புழுதியோட நடந்தே வந்து சேந்தாக. மாமா எந்திரிச்சுக் கும்பிட்டார். காபி சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க, நாங்க சொல்லி விடுறோம்னார். பஸ்ஸுல எத்தனை குடிகாரனை மரியாதையா இறக்கி விட்டிருப்பார் அவர். அதே குரல்தான்னு இப்பத் தோணுது. அப்பத் தோணல. நல்லாத்தான் பேசிருக்கோம்னு நினைச்சுக்கிட்டு நான் மணி அடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.

சொல்லி விட்டாக. குடிகாரனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு சொல்லி விட்டாக. ஊரு வாயை மூட முடியுமா, மில்லு பூராவும் பரவிருச்சு. அக்காவுக்குத் தெரியும் நான் குடிக்க மாட்டேன்னு. குடிக்காதவன் கை எதுக்கு நடுங்குது? எதுக்கு உளறுறான்? மோரு எதுக்கு வெண்ணெயாகுது? அவளா ஒரு முடிவுக்கு வந்துட்டா. கண்மாய்க்கரையில ஏதோ காத்து கருப்பு என்னைப் பிடிச்சிருச்சுன்னு, பேயோட்டுற கோடாங்கிகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனா.

கோடாங்கி உடுக்கையை அடிச்சுக்கிட்டுக் கேக்கிறார், "காத்து எப்படா உன் மேல ஏறுச்சு?" நான் உள்ளதைச் சொன்னேன், "காத்தே இல்ல சாமி. நான்தான் காத்தே வேணாம்னு எடுத்துட்டேன்." உடுக்கை நின்னு போச்சு. "எடுத்துட்டியா? யாருகிட்ட எடுத்த?" "அமலதாஸ்கிட்ட." "யாரு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, சர்ச்சுக்குப் போற வேதக்காரனா?" "ஆமா சாமி, முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் எடுத்துட்டார்." கோடாங்கிக்கு வந்துச்சு பாருங்க கோவம். வேதக்காரன்கிட்ட எடுத்துட்டு எங்கிட்ட எதுக்கு வந்தீக, அவன் முன்னாடி பின்னாடி எடுப்பானா, தலைமுறையா எடுக்கிறவன் நான் இங்க இருக்கேன்னு அக்காவைப் பிடிச்சு ஏசிட்டார். விபூதிகூடப் பூசல. அக்கா அமலதாஸ் கடைக்குப் போய், ஐயா நீங்க எடுத்ததுல மிச்சம் மீதி இருக்கும் போல, அதையும் எடுத்து விடுங்கன்னு கும்பிட்டுக்கிட்டு நின்னுருக்கா. அமலதாஸ் பாவம், என் சைக்கிளைக் கழுவி எண்ணெய் போட்டுக் குடுத்தார்.

அப்புறம்தான் அந்தப் புள்ள என்னைப் பாக்க வந்துச்சு. சண்முகவடிவுதான். நான் மில்லுக்கு வந்துக்கிட்டு இருக்கேன், கண்மாய்க்கரையில குறுக்க நின்னு கையைக் காட்டுச்சு. அவுக பால்வாடி அந்தப் பக்கம்தான். நான் பயந்துட்டேன். யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாகன்னு ஒரு பயம், நேரமாகுதேன்னு ஒரு பயம்.

"எங்க அப்பா உங்களைக் குடிகாரர்னு நினைக்காக"ன்னுச்சு. "எனக்குத் தெரியும், டயருதான். நீங்க பேசுனது பூராவும் உள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சு. என்னை ஏத்திக்கிட்டுப் போங்க, ஒரு தடவை உக்காந்து பாத்துட்டு அப்பாகிட்ட நானே சொல்றேன்."

கேரியர்ல உக்காந்துச்சு. மதகு வரைக்கும்கூட வரல. "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு இறங்கிருச்சு. கொண்டை அவுந்து கிடக்கு. ஒரு தோட்டைக் காணோம், திருகாணி கழண்டு விழுந்துருச்சு. ரெண்டு பேரும் புழுதியில குனிஞ்சு தேடுறோம். அந்தப் புள்ள தேடுறதை விட்டுட்டுச் சிரிக்குது. அந்த டீச்சர் சிரிக்கையில நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லலாமா, எனக்குப் பிடிச்சிருந்துச்சு அண்ணாச்சி. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. தோடும் திருகாணியும் நான்தான் கண்டுபிடிச்சுக் குடுத்தேன்.

வாங்கிக்கிட்டுச் சொல்லுச்சு, "இந்த டயரை மட்டும் மாத்திருங்க. எங்க அப்பாவை நான் பாத்துக்கிறேன்."

"முள்ளு ஏறுமே"ன்னேன்.

"ஏறட்டும். ஏறுனா இறங்கி நடப்போம். பேசிக்கிட்டே போவோம்."

"லேட்டாகும்."

"ஆகட்டும்."

"ஆகட்டும்னா எப்படி? கேட்டைப் பூட்டிருவாக. அரைநாள் போயிரும். நான் டைம் ஆபீஸ் ஆளு, நானே பிந்திப் போனா எவன் மதிப்பான்?"

அந்தப் புள்ள தோட்டுல இருந்த மண்ணை முந்தானையில தொடைச்சுச்சு. காதுல போட்டு, திருகாணியை நல்லாத் திருகுச்சு. அப்புறம் "சரி, உங்களுக்கு நேரமாச்சு, கிளம்புங்க"ன்னுச்சு. எம்புட்டுப் பொறுப்பு பாருங்க, அந்த நேரத்துலயும் என் வேலையை நினைச்சிருக்கு. நானும் கிளம்பிட்டேன். சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே வந்துட்டேன். அவுக அப்பாகிட்ட இந்நேரம் பேசிருக்கும், இன்னைக்குச் சொல்லி விடுவாக, நாளைக்குச் சொல்லி விடுவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் வரல. தை மாசம் அந்தப் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிருச்சு. மாப்பிள்ளை கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். ஸ்கூட்டர் வச்சிருக்கான், சாதா டயரு.

அவுகளைப் பாத்தேன். சித்திரை வெயிலு. அதே கண்மாய்க்கரையில ஸ்கூட்டர் பஞ்சர். அவன் தள்ளிக்கிட்டு வாரான், அந்தப் புள்ள கூடவே நடந்து வருது. பாவம்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே பக்கத்துல வந்து பாத்தா, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு வாராக. எதுக்குச் சிரிக்காகன்னே தெரியல. வண்டி பஞ்சர், வெயிலு மண்டையைப் பிளக்குது, வேலைக்கு நேரமாச்சு, இதுல சிரிக்க என்ன இருக்கு? நான் தாண்டிப் போறேன், என் மணி கிணிகிணின்னு அடிச்சுக்கிட்டுப் போகுது. அதுகூட அவுக காதுல விழல. அன்னைக்கு எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ செஞ்சுச்சு. குலுக்கல்னு நினைச்சேன். இறங்கி வெகுநேரம் ஆகியும் நிக்கல.

அதுக்கப்புறம் ஒரு காரியம் பண்ணேன். அமலதாஸ்கிட்டப் போய், பின்சக்கரத்துக்கு மட்டும் சாதா டயரு போடச் சொன்னேன். காத்தடிக்கிறது. முன்சக்கரம் அதே கெட்டி ரப்பர்தான், அது என் கைக்குத்தான, எனக்குப் பழகிருச்சு. பின்னாடி மெத்துன்னு இருக்கட்டும்னேன். "கேரியர்ல யாரு வாராக?"ன்னு அமலதாஸ் கேட்டார். யாரும் வரல, போடுங்கன்னேன்.

போட்டுக் கொஞ்ச நாள்ல பஞ்சராயிருச்சு. ஆகணும்னுதான் அண்ணாச்சி நானும் கரை ஓரமாவே விட்டேன். இறங்கி நடந்தேன். அவசரப்படாம, அந்தப் புள்ள சொன்ன மாதிரி, மதகுல இருந்து மில்லு வரைக்கும் நடந்தேன். பேசியும் பாத்தேன். என்ன பேசுறதுன்னு தெரியல, வாகைமரம் வந்துருச்சு, கண்மாய்ல தண்ணி இல்லன்னு பாத்ததைச் சொல்லிக்கிட்டே வந்தேன். ஆடு மேய்க்கிற ஒருத்தர் நின்னு பாத்தார். அவர்தான் பரமகுரு குடிச்சுட்டு உளறிக்கிட்டுப் போனான்னு மில்லுல வந்து சொல்லிருக்கணும், அதைத்தான் உங்ககிட்டயும் சொல்லிருப்பாக. பிந்தித்தான் வந்தேன். அரைநாள் போட்டுக்கிட்டேன். சங்கிலி இந்தத் தடவை குடிக்கத் தண்ணி குடுத்தான்.

திரும்பவும் பஞ்சராச்சு, திரும்பவும் நடந்தேன். அதுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. புழுதி, முள்ளு, வெயிலு. நான் நல்லாப் பாத்துட்டேன், சிரிக்கிற மாதிரி அந்தக் கரையில ஒண்ணுமே இல்ல.

கிளம்பிட்டீகளா? பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. சரி, கிளம்புங்க, நான் பிடிச்சு வைக்கல. குடிக்கிறது இல்ல, பொய் சொல்றது இல்ல, வேலைக்குப் பிந்துறது இல்ல, இப்ப கொஞ்சம் பிந்துறேன். உள்ளது இதுதான், வீட்டுல சொல்லுங்க. விசாரிக்க வந்தது நீங்க, இருந்தாலும் நானும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். நகை நட்டு, படிப்பு எதுவும் கேக்கல.

உங்க பொண்ணு நடக்கும்போது பேசிக்கிட்டே வருமா?